முன் ஃபோர்க்கும் வண்டியின் போக்கும்

மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தை எப்படித் தாங்கிப் பிடிப்பது என்ற கேள்விக்கு ஒரே நிறுவனம் ஐந்து முறை விடையை மாற்றியிருக்கிறது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 1935-இல் ஆர்12, ஆர்17 வண்டிகளில் எண்ணெயால் அதிர்வைத் தணிக்கும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொண்டுவந்தது. விற்பனைக்கு வந்த வண்டிகளில் அதுவே முதல். இருபது ஆண்டு கழித்து, 1955-இல், அதைக் கைவிட்டு, சக்கரத்தை நீண்ட ஆர்மில் தாங்கும் எர்ல்ஸ் ஃபோர்க்குக்கு மாறியது. 1969-இல் மறுபடியும் டெலஸ்கோப்பிக். 1993-இல் ஆர்1100ஆர்எஸ் வண்டியில், பிரேக் விசையை ஆர்ம் வழியே ஃபிரேமுக்கு அனுப்பும் டெலிலீவர், 2004-இல் கே1200எஸ் வண்டியில் அதே நோக்கமுள்ள டுவோலீவர். பிறகு 2009-இல், ஜப்பானிய வண்டிகளைப் பந்தயத் தடத்தில் எதிர்கொள்ள எஸ்1000ஆர்ஆர் வண்டியை இறக்கியபோது, கையிலிருந்த இரண்டு ஏற்பாடுகளையும் ஒதுக்கிவிட்டு, தலைகீழ் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைப் பூட்டியது. ஒரு நிறுவனத்தின் மனச்சஞ்சலம் என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் இத்தனை அனுபவமுள்ள பொறியாளர்கள் ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்ப வேறு வேறு விடை சொல்லும்போது, கேள்வி கேட்கப்படும் விதத்தையே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. எந்த வடிவம் சிறந்தது என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். வண்டி கைக்கு அடங்குவதில் வடிவத்தின் பங்கு நாம் நினைப்பதைவிடக் குறைவு. டயர் தரையைத் தொடும் இடத்தின் கணக்கும், குழாய்களுக்குள் நடக்கும் உராய்வும், எண்ணெய் ஓடும் துளைகளும்தான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தக் கணக்கு. ஹேண்டில் பார் திரும்பும் அச்சு நேர்குத்தாக நிற்பதில்லை. அதன் மேல்முனை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் கோணம்தான் ரேக். அச்சுக்கோட்டிலிருந்து சக்கரத்தின் ஆக்ஸில் எவ்வளவு முன்னே தள்ளி இருக்கிறதோ அது ஆஃப்செட். அச்சுக்கோட்டைக் கீழே நீட்டினால் அது தரையைத் தொடும் இடம் ஒன்று உண்டு. டயர் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் விழும். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் டிரெயில். மருத்துவமனை ஸ்ட்ரெச்சரின் சிறு சக்கரம் தள்ளுகிற திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வது எதனாலோ, அதனால்தான் பைக்கின் முன் சக்கரமும் போகிற திசையில் நேராக நிற்க முயல்கிறது. 300 மி.மீ. ஆரமுள்ள சக்கரம், 24 டிகிரி ரேக், 30 மி.மீ. ஆஃப்செட் என்று எடுத்துக்கொண்டால் டிரெயில் ஏறத்தாழ 101 மி.மீ. வரும். ரேக் 21 டிகிரிக்குக் குறைந்தால் டிரெயில் 83 மி.மீ. ஆகிவிடும், 26 டிகிரிக்குக் கூடினால் 113 மி.மீ. டிரெயில் கூடக் கூட வண்டி நேர்ச்சாலையில் நிலையாக நிற்கும், வளைவில் திருப்பக் கனக்கும். குறையக் குறைய லேசாகத் திரும்பும், கூடவே கை சற்றுப் பதறும். இந்த எண்கள் பின்னால் தேவைப்படும்.

பேச்சு வழக்கில் இந்த விளைவுகளெல்லாம் ரேக்கின் கணக்கில் எழுதப்படுகின்றன. ஃபோர்க் நீட்டிப் படுத்திருந்தால் நெடுஞ்சாலைக்கு நல்லது, நிமிர்ந்திருந்தால் வளைவுக்கு நல்லது என்பார்கள். இங்கிலாந்தின் சேஸிஸ் வடிவமைப்பாளர் டோனி ஃபோல் இதைச் சோதித்தே பார்த்தார். பி.எம்.டபிள்யூ. ஆர்75/5 வண்டியின் ரேக்கை 15 டிகிரிக்கு நிமிர்த்தி, பிறகு முழுக்க நேர்குத்தாகவே நிறுத்தி, டிரெயிலை மட்டும் தேவையான அளவில் வைத்து ஓட்டினார். பழைய நம்பிக்கைப்படி அந்த வண்டி ஓட்டவே முடியாததாக ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. எர்ல்ஸ் ஃபோர்க் காலத்து பி.எம்.டபிள்யூ. வண்டிகளும் இதையே வேறு வழியில் காட்டின. அவற்றில் முன் ஆர்ம் சுழலும் போல்ட்டுக்கு இரண்டு இடம் விட்டிருந்தார்கள்: ஒன்று தனி வண்டிக்கு, மற்றது சைடுகார் பூட்டும்போது. சைடுகார் வண்டி சாய்ந்து திரும்பாது, கைவலிமையால்தான் திருப்ப வேண்டும் என்பதால் அங்கே டிரெயில் குறைவாகத் தேவை. ஃபோர்க் அதேதான், போல்ட்டை இடம் மாற்றினால் வண்டியின் குணம் மாறியது.

டிரெயிலையும் தெய்வமாக்கிவிடக் கூடாது. நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2011-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வில் ஒரு விசித்திரச் சைக்கிளைக் கட்டினார்கள். எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களால் கைரோ விளைவை நீக்கி, டிரெயிலைச் சுழிக்கும் சற்றுக் கீழே கொண்டுபோன பிறகும், ஆளில்லாமல் தள்ளிவிட்டால் அது தன்னைத் தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது. எடை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கிறது. மோட்டார் சைக்கிள் பற்றி ராபின் ஷார்ப் 1971-இல் எழுதிய ஆய்வும் இந்தத் திசையில் முக்கியமானது. வண்டி நிலைகுலையும் வழிகளை அவர் பிரித்துக் காட்டினார்: வண்டி முழுவதும் விநாடிக்கு இரண்டு மூன்று முறை பாம்பாக நெளிவது ஒன்று, ஹேண்டில் பார் மட்டும் விநாடிக்கு ஆறிலிருந்து பத்து முறை படபடவென்று உதறுவது இன்னொன்று. ஒன்றுக்கு மருந்தாவது மற்றதற்கு நஞ்சாகலாம். பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றையும் சேர்த்தன: ஃபோர்க்கும் ஃபிரேமும் பக்கவாட்டில் எவ்வளவு வளைந்துகொடுக்கின்றன என்பதையும் கணக்கில் எடுத்த பிறகுதான், அந்த உதறல் எந்த வேகத்தில் வரும் என்ற கணிப்பு சாலையில் காண்பதோடு பொருந்தியது.

இனி டெலஸ்கோப்பிக் ஃபோர்க் மீதான பெரிய குற்றச்சாட்டு: பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்துகிறது. இதில் எவ்வளவு ஃபோர்க்கின் தவறு, எவ்வளவு இயற்பியலின் விதி என்று பிரித்துப் பார்ப்பது நல்லது. வாதங்கள் பெரும்பாலும் இங்கேதான் குழம்புகின்றன. ஆளும் வண்டியுமாக 250 கிலோ, சக்கரங்களுக்கு இடையே 1400 மி.மீ., எடைமையம் தரையிலிருந்து 600 மி.மீ. உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். முன் பிரேக்கை மட்டும் நன்றாகப் பிடித்து, புவியீர்ப்பு முடுக்கத்தின் பத்தில் எட்டுப் பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைக்கிறார் ஓட்டுபவர். அப்போது பின் சக்கரத்திலிருந்து முன் சக்கரத்துக்கு ஏறத்தாழ 86 கிலோ எடை மாறுகிறது. ஃபோர்க் எந்த வடிவத்தில் இருந்தாலும் இது மாறியே தீரும். உயரத்துக்கும் நீளத்துக்கும் உள்ள விகிதம் அதை முடிவு செய்துவிட்டது. 24 டிகிரி சாய்ந்த ஃபோர்க்கின் வழியே இந்த எடை சுமார் 78 கிலோவாக அழுத்துகிறது. டெலஸ்கோப்பிக்குக்கே உரிய குறை இதற்கு மேல் வருகிறது. சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கும் பிரேக் விசை 200 கிலோ. சக்கரம் மேலேறும் பாதையே பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அந்த விசையில் சுமார் 81 கிலோ ஸ்பிரிங்கை அழுத்தவே போய்விடுகிறது. ஆக, குத்துவதில் ஏறத்தாழ பாதி தவிர்க்க முடியாதது. மறு பாதி இந்த வடிவம் கூட்டிக்கொண்டு வருவது. முன்பக்கம் 70 மி.மீ. இறங்கினால் வண்டி முழுவதும் மூன்று டிகிரிக்குச் சற்றுக் குறைவாக முன்னோக்கிச் சாய்கிறது. மேலே சொன்ன கணக்கின்படி டிரெயில் 101-இலிருந்து கிட்டத்தட்ட 83 மி.மீ.க்கு இறங்கிவிடும். வளைவுக்குள் நுழையும் நெருக்கடியான கணத்தில் வண்டியின் வடிவக் கணக்கே மாறுகிறது என்ற புகார், ஆகவே, கற்பனை அல்ல.

அதே வேளையில் குழாய்களுக்கு இன்னொரு தொல்லையும் சேர்கிறது. சாதாரண ஓட்டத்தில் எடை ஃபோர்க்கை முன்னோக்கி வளைக்கப் பார்க்கிறது. கடுமையாகப் பிரேக் பிடித்ததும் அது பின்னோக்கி வளைகிறது. ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போக வேண்டிய இரண்டு குழாய்கள் அப்படி வளைந்தால் புஷ்களில் இறுகிக்கொள்கின்றன. சிறு பள்ளம் வரும்போது ஃபோர்க் அசைய மறுத்து, ஒரு வரம்பு தாண்டியதும் வெடுக்கென்று அசைகிறது. குத்துவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். சக்கரம் தரையைவிட்டு எழும்புவதற்கு இந்த இறுக்கம்தான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. குத்துவது கண்ணுக்குத் தெரிகிறது, இறுக்கம் தெரிவதில்லை. புகழும் பழியும் தெரிவதற்கே போய்ச் சேர்கின்றன.

மாற்று வடிவங்கள் டெலஸ்கோப்பிக்குக்குப் பின்னால் வந்தவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பல அதற்கு முன்பே இருந்தவை. ஸ்பிரிங்கை ஹெட்லைட்டுக்கு அருகே வைத்து, இணையான இரண்டு தண்டுகளில் முழு ஃபோர்க்கையும் மேலும் கீழும் ஆடவிட்ட கர்டர் ஃபோர்க்தான் இரண்டாம் உலகப்போர் வரை உலகின் பெரும்பாலான வண்டிகளில் இருந்தது. டெலஸ்கோப்பிக் முறுகி நெளியும் என்று கருதி அதை நம்பாத பிலிப் வின்சென்ட், 1948-இல் தன் வண்டிகளுக்குக் கர்டரையே மேம்படுத்தி கர்ட்ராலிக் ஃபோர்க்கைச் செய்தார். ஹோண்டா சூப்பர் கப் 1958-இல் வந்தபோது அதன் முன் சக்கரம் முன்னோக்கி நீண்ட ஒரு குட்டையான லீடிங் லிங்கில் தொங்கியது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் இறங்காமல் மேலே எழும்பும். அந்த வண்டிக் குடும்பத்தின் உற்பத்தி 2017-இல் பத்துக் கோடியைத் தாண்டியது. முன்பக்கம் எழும்புவதைப் பொருட்படுத்தி யாரும் அதை வாங்காமல் விட்டதாகத் தெரியவில்லை. இந்தியாவில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1960களில் போலந்தின் எஸ்.எச்.எல். வண்டியை ஒட்டிச் செய்த ராஜ்தூத் 175, எர்ல்ஸ் வகை முன் ஃபோர்க்கோடுதான் கிராமத்துச் சாலைகளில் பால் கேன் சுமந்தது. வெஸ்பா வழிவந்த பஜாஜ் சேத்தக்கில் சக்கரம் ஒற்றைப் பக்கம் மட்டும் தாங்கப்பட்டு, லிங்க் பின்னோக்கி நீண்டிருந்தது. பிரேக்கின் முறுக்கு முன்பக்கத்தைக் கீழே அமுக்கும், அதனால் அந்த வண்டி டெலஸ்கோப்பிக்கையும் மிஞ்சிக் குத்தும். திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டோ ஆரம்பம் முதலே டெலஸ்கோப்பிக். ஆக எழும்புவதும் குத்துவதும் குறைவாகக் குத்துவதுமான வண்டிகளை ஒரு தலைமுறை ஒரே சாலையில் மாற்றி மாற்றி ஓட்டிப் பழகியிருக்கிறது. மனிதக் கை இவற்றில் எதற்கும் சில நாட்களில் பழகிவிடுகிறது என்பதே இதில் எனக்குப் படும் பாடம்.

குத்துவதைத் தடுப்பதே குறிக்கோள் என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1980களின் ஜப்பானிய வண்டிகள் சாட்சி. ஹோண்டா, சுஸுகி, கவாஸாகி, யமஹா நான்குமே ஆன்ட்டி டைவ் ஏற்பாடுகளை விளம்பரப்படுத்தின. சுஸுகியின் முறையில் பிரேக் எண்ணெயின் அழுத்தமே ஃபோர்க்குக்குள் ஒரு வால்வை மூடும். ஹோண்டாவின் முறையில் காலிப்பர் சற்றுச் சுழன்று அதே வேலையைச் செய்யும். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான்: ஃபோர்க் இறங்க எண்ணெய் ஓட வேண்டிய வழி அடைபடுகிறது. இறங்குவது மெதுவாகும், உண்மை. ஆனால் பிரேக் பிடித்தபடியே மேடு பள்ளத்தைக் கடக்கும்போது, சக்கரம் தரையைப் பின்பற்றி அசைய வேண்டிய நேரத்தில் ஃபோர்க் விறைத்து நிற்கிறது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் இவை பெரும்பாலும் சத்தமில்லாமல் மறைந்தன. நல்ல ஸ்பிரிங்கும் நல்ல வால்வும் அந்த இடத்துக்கு வந்துவிட்டன.

வால்வை விட்டுவிட்டு, வடிவத்தாலேயே அதைச் சாதிக்க முயன்றவர்களின் வரலாறு இன்னும் சுவையானது. திருப்பும் வேலையைச் சக்கரத்தின் நடுவிலேயே வைத்த நெர்-ஏ-கார் 1920களிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. பிரான்சின் எல்ஃப் எண்ணெய் நிறுவனம் பணம் கொடுக்க, பொறியாளர் ஆந்த்ரே தெ கோர்தான்ஸின் வடிவமைப்பு வழிவந்த பந்தய வண்டிகள் 1980களில் 500 சிசி கிராண்ட் பிரீயில் ஹோண்டா என்ஜினோடு ஓடின. ரான் ஹாஸ்லம் ஓட்டினார். அந்தத் தொடரில் ஒரு பந்தயத்தையும் அவை வெல்லவில்லை. இத்தாலியின் பிமோட்டா 1990-இல் தெசி 1டி வண்டியை விற்றது. யமஹா 1993-இல், அமெரிக்கர் ஜேம்ஸ் பார்க்கரின் கருத்தை ஒட்டி, ஒற்றைக் கையில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஜிடிஎஸ்1000 வண்டியைக் கொண்டுவந்தது. விலை அதிகம், வாங்கியோர் குறைவு. மெக்லாரன் அணியில் வேலை பார்த்த நார்மன் ஹாசக், காரின் இரட்டை விஷ்போன் முறையை நிமிர்த்திவைத்தது போன்ற ஒரு ஃபோர்க்கை வடிவமைத்தார், பிற்பாடு பி.எம்.டபிள்யூ.வின் டுவோலீவர் அந்த வழியில்தான் பிறந்தது. இவை எல்லாவற்றிலும் பிரேக் விசை குழாயை வளைக்காமல் ஆர்ம் வழியாக ஃபிரேமுக்குப் போகிறது. கணக்குப்படி இவை டெலஸ்கோப்பிக்கைவிட நேர்த்தியானவை. ஆனால் ஹேண்டில் பாருக்கும் சக்கரத்துக்கும் இடையில் மூட்டுகள் வந்து சேர்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் சிறு ஆட்டமோ சிறு இறுக்கமோ இருக்கும். தெசியின் முதல் பதிப்பை ஓட்டியவர்கள் முன் டயர் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரியவில்லை என்று குறைப்பட்டதற்கு இதுவே காரணம் என்பது வலுவான விளக்கம். எர்ல்ஸ் ஃபோர்க்குக்கு வேறு குறை: இரும்பின் பெரும்பகுதி திருப்பும் அச்சிலிருந்து தள்ளி நிற்பதால், திருப்பத் தொடங்கவும் கனம், தொடங்கியதை நிறுத்தவும் கனம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். பந்தய உலகம் பழமைவாதி. டயர்களும் ஃபிரேம்களும் ஓட்டுநர்களின் பழக்கமும் அரை நூற்றாண்டாக டெலஸ்கோப்பிக்கைச் சுற்றியே வளர்ந்தவை. ஆயிரம் பேர் மெருகேற்றிய ஒன்றோடு நாலு பேர் செய்த எல்ஃபை ஒப்பிடுவது நியாயமா என்று. நியாயமில்லைதான். மாற்று வடிவங்கள் வென்றதும் உண்டு. 350 சிசி உலகப் பட்டத்தை 1953 முதல் 1957 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்ற மோட்டோ குஸ்ஸி, 1950களின் நடுவில் லீடிங் லிங்க் ஃபோர்க்கோடு ஓடியது. நியூசிலாந்தில் ஜான் பிரிட்டன் ஒரு சிறு குழுவோடு கட்டிய வி1000, ஹாசக் முறையை ஒத்த கார்பன் ஃபைபர் ஃபோர்க்கோடு 1990களில் டேடோனாவில் பெரிய நிறுவனங்களின் வண்டிகளை முந்தியது. ஆனால் இந்த வெற்றிகள் மறுப்பாளருக்கு உதவுவதைவிட என் வாதத்துக்கே அதிகம் உதவுகின்றன. குஸ்ஸி வென்றது எடைக் குறைவாலும் காற்றை வெட்டும் உடலாலும். பிரிட்டன் வென்றது அசாதாரணமான என்ஜினும் சேஸிஸும் ஒன்றுகூடியதால். ஃபோர்க்கின் வடிவம் அவர்களைத் தடுக்கவும் இல்லை, தூக்கிவிடவும் இல்லை. அந்தப் பக்கமும் அப்படித்தான்: 1950-இல் ஜெஃப் டியூக் ஐல் ஆஃப் மேன் சீனியர் டிடியை வென்ற நார்ட்டனில் டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இருந்தது, ஆனால் பேசப்பட்டதும் நகலெடுக்கப்பட்டதும் மெக்கேண்ட்லெஸ் சகோதரர்களின் ஃபெதர்பெட் ஃபிரேம்.

பந்தயத்தில் டெலஸ்கோப்பிக் நிலைத்திருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமல்ல என்பதற்கு இன்னொரு சான்று வளைவின் நடுவில் கிடைக்கிறது. மோட்டோஜிபி வண்டி 60 டிகிரிக்கும் மேல் சாய்கிறது. 60 டிகிரிச் சாய்வில் ஸ்பிரிங் வழக்கத்தைப்போல் இரு மடங்கு சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும். ஆனால் சாலையின் மேடு தரும் தள்ளல் ஃபோர்க்கின் வழியே வராமல் பெரிதும் பக்கவாட்டில் வருகிறது. அந்தத் தள்ளலை எந்த ஸ்பிரிங்கும் வாங்கிக்கொள்ளாது. குழாயும் ஃபிரேமும் டயரும் பக்கவாட்டில் சற்று வளைந்துகொடுத்துத்தான் அதை விழுங்க வேண்டும். அதனால்தான் பந்தயப் பொறியாளர்கள் நேர்த்திசையில் விறைப்பும் பக்கவாட்டில் அளந்த நெகிழ்வும் தேடுகிறார்கள். டுகாட்டி 2009-இல் கார்பன் ஃபைபர் சேஸிஸோடு இறங்கி, முன்பக்கம் கைக்குப் பேசவில்லை என்ற புகார்களுக்கிடையே சில ஆண்டுகளில் அலுமினிய ஃபிரேமுக்குப் போனது. விறைப்பு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், விறைப்பு கூடக் கூட நல்லது என்ற பழைய கொள்கை அத்தோடு அடிவாங்கியது. நீண்டு மெலிந்த இரண்டு குழாய்கள் இந்த நெகிழ்வைத் தானாகவே தருகின்றன. வின்சென்ட் எதைக் குறையென்று கண்டு ஓடினாரோ, அதையே இன்று அளந்து வாங்குகிறார்கள். குத்துவதையும் ஓட்டுநர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: பிரேக்கை மெல்ல விட்டபடியே வளைவுக்குள் நுழையும்போது குறைந்துபோன டிரெயில்தான் வண்டியை லேசாகத் திருப்பித் தருகிறது.

சாலை வண்டிக்கு வருவோம். இங்கே குழாய்க்குள் இருப்பதைப் பற்றிப் பேசியாக வேண்டும். விலை குறைந்த ஃபோர்க்குகளில் எண்ணெய் ஒரு தண்டின் நிலையான துளைகள் வழியே பாய்கிறது. அப்படிப் பாயும்போது எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: அசைவு இரு மடங்கு வேகமானால் எதிர்ப்பு நான்கு மடங்கு. பிரேக் பிடித்து முன்பக்கம் மெதுவாக இறங்கும்போது தடுக்க ஆளே இல்லை. வேகத்தடையில் சக்கரம் அடிபடும்போது எண்ணெய் போக வழியில்லாமல் அடி நேராக மணிக்கட்டுக்கு வருகிறது. தேவை இதற்கு நேர்மாறானது. மெல்லிய எஃகுத் தகடுகள் அழுத்தத்துக்கேற்ப வளைந்து வழிவிடும் கார்ட்ரிட்ஜ் ஃபோர்க் இந்தக் கணக்கைத் திருத்தியது. பழைய ஃபோர்க்குக்கே இதில் ஒரு பகுதியைக் கொடுக்க, அமெரிக்காவின் ரேஸ் டெக் நிறுவனம் தண்டின் தலையில் உட்காரும் ஒரு சிறு வால்வை விற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியிருக்காது: அதே குழாய், அதே ரேக், அதே டிரெயில். ஓட்டம் மட்டும் மாறிவிடும். வடிவம் நிலையாக இருக்க, உள்ளே ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் இதைவிடத் தெளிவான சோதனையை நான் அறியேன்.

இந்தியச் சந்தை போன வழி வேறு. 2012-இல் கேடிஎம் 200 டியூக் 43 மி.மீ. தலைகீழ் ஃபோர்க்கோடு வந்த பிறகு, பருத்த குழாய் மேலே தெரிவதே நல்ல வண்டிக்கு அடையாளம் என்றாகிவிட்டது. தலைகீழ் அமைப்புக்கு நியாயமான காரணம் உண்டு. வளைக்கும் விசை அதிகபட்சமாக இருக்கும் இடம் ஹேண்டில் பாருக்குக் கீழே ஃபோர்க்கைக் கவ்வும் கிளாம்ப். அங்கே பெரிய குழாய் இருப்பது பொறியியலுக்குப் பொருந்துகிறது. ஒரே தடிமன் உள்ள குழாயில் விட்டத்தை 35-இலிருந்து 41 மி.மீ. ஆக்கினால் விறைப்பு சுமார் அறுபது சதவீதம் கூடும். ஆனால் 150 சிசி வண்டி சாதாரணச் சாலையில் போகும் வேகத்தில் 35 மி.மீ. குழாயின் வளைவு யாருடைய பிரச்சினையாக இருந்தது? யமஹா ஆர்15-இன் மூன்றாம் பதிப்பு இந்தோனேசியாவில் தலைகீழ் ஃபோர்க்கோடும் இந்தியாவில் சாதாரண ஃபோர்க்கோடும் விற்றது. அந்தச் சாதாரண ஃபோர்க்கை வைத்துக்கொண்டே இங்கே அது தன் வகுப்பில் வளைவுக்குப் பேர்போன வண்டியாக இருந்தது. நான்காம் பதிப்புக்கு 2021-இல் தலைகீழ் ஃபோர்க் வந்தபோது வாங்குவோரின் மனக்குறை தீர்ந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம். தலைகீழ் ஃபோர்க்கின் ஆயில் சீல் கீழே, கல்லும் சேறும் தெறிக்கும் இடத்தில் இருக்கிறது என்பதையும் அது கிழிந்தால் எண்ணெய் பிரேக் டிஸ்க் பக்கமாக இறங்கும் என்பதையும் விளம்பரங்கள் சொல்வதில்லை.

இன்னொரு கணக்கு இந்த விவாதங்களில் வராமலே போகிறது. 1250 மி.மீ. சக்கர இடைவெளியுள்ள ஒரு 100 சிசி வண்டியில் பின்னால் ஒரு ஆளும் மடியில் ஒரு மூட்டையும் ஏறினால், பின்பக்கம் 50 மி.மீ. கூடுதலாக அமுங்குவது சாதாரணம். ரேக் இரண்டு டிகிரிக்கு மேல் கூடிவிடும். டிரெயில் பன்னிரண்டு மி.மீ.க்கு மேல் நீளும், முன் டயரின் மீது உள்ள எடைப் பங்கும் குறையும். பிரேக் பிடிக்கும் இரண்டு விநாடிக்கு நேரும் மாற்றத்துக்கு ஒப்பான ஒன்று, எதிர்த்திசையில், பயணம் முழுவதும் நீடிக்கிறது. முன் ஃபோர்க்கைக் குறைசொல்லும் கட்டுரைகள் பின் ஷாக் அப்சார்பரின் அட்ஜஸ்டரை ஒரு படி ஏற்றச் சொல்வதில்லை. இதே வரிசையில்தான் கோன்செட் எனப்படும் ஸ்டியரிங் பேரிங்கும் வருகிறது. ஸ்டியரிங் பேரிங்கில் நேர்நடுவில் சிறு குழி விழுந்துவிட்டால் ஹேண்டில் அங்கே வந்து வந்து பிடித்துக்கொள்ளும். அந்த வண்டிக்கு டெலிலீவரே பூட்டினாலும் நேர்ச்சாலையில் அது தள்ளாடும். வருடக்கணக்கில் மாற்றாத ஃபோர்க் ஆயில் தன் பிசுபிசுப்பை இழந்து, தணிக்கும் வேலையைப் பாதியாக்கியிருக்கும். ஷோரூமில் எந்த ஃபோர்க் என்று கேட்டு வாங்கியவர்களில் பலர் அதன் எண்ணெயை ஒருமுறைகூட மாற்றுவதில்லை.

அப்படியானால் டெலிலீவர் வீண்வேலையா என்று கேட்கலாம். இல்லை, இந்த இடத்தில் என் வாதத்துக்கு ஒரு வரம்பு போட்டாக வேண்டும். இரண்டு ஆள், மூன்று பெட்டி, முந்நூறு கிலோவைத் தாண்டும் சுற்றுலா வண்டிக்கு மென்மையான ஸ்பிரிங்கும் வேண்டும், பிரேக் பிடிக்கையில் ஃபோர்க் இறங்க மிச்ச இடமும் வேண்டும். டெலஸ்கோப்பிக்கில் இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். பாதிக் குத்தலை வடிவமே நீக்கிவிடும் ஏற்பாட்டில் இரண்டும் கிடைக்கும். பிரேக் விசை ஆர்ம் வழியே போவதால் குழாய்களின் இறுக்கமும் தளர்கிறது. பி.எம்.டபிள்யூ. பொறியாளர்கள் குத்துவதை முழுவதும் நீக்காமல் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். ஓட்டுபவருக்கு எவ்வளவு பிடிக்கிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா. 2018-இல் ஹோண்டா கோல்டு விங்கும் இரட்டை விஷ்போனுக்கு மாறியது, சக்கரம் கிட்டத்தட்ட நேர்மேலே எழும் பாதை கிடைத்ததால் என்ஜினையும் ஓட்டுபவரையும் முன்னே நகர்த்த முடிந்தது. ஆனால் 2015-இல் ஆர்1200ஆர் வண்டிக்கு என்ஜினைத் தண்ணீரால் குளிர்விக்கும் முறை வந்து, ரேடியேட்டருக்கு இடம் தேவைப்பட்டபோது, அதே பி.எம்.டபிள்யூ. டெலிலீவரை எடுத்துவிட்டு டெலஸ்கோப்பிக்கைப் போட்டது. ஓட்டத்துக்காக மட்டும் முடிவெடுத்திருந்தால் அப்படி நடந்திருக்காது. நடந்த பிறகு அந்த வண்டியின் ஓட்டம் கெட்டுவிட்டது என்றும் யாரும் சாதிக்கவில்லை.

கடைசி மறுப்பு மின்னணுவிலிருந்து வருகிறது. பி.எம்.டபிள்யூ. எச்பி4 2012-இலும் டுகாட்டி மல்ட்டிஸ்ட்ராடா 2013-இலும் சாலைக்கேற்ப மில்லிவிநாடிகளில் வால்வைத் திறந்து மூடும் ஃபோர்க்குகளைக் கொண்டுவந்தன. இனி இந்தச் சர்ச்சையெல்லாம் எதற்கு என்று. அந்த வண்டிகள் செய்வது நான் சொல்வதைத்தான்: டெலஸ்கோப்பிக்கின் வடிவத்தைத் தொடாமல், பணம் முழுவதையும் வால்வில் போட்டிருக்கிறார்கள். வால்வால் தீர்க்க முடியாத உராய்வுக்கு உள்குழாயில் டைட்டேனியம் நைட்ரைடு போன்ற பூச்சுகளைப் பூசுகிறார்கள். 100, 125 சிசி வண்டிகளுக்கு இதில் எதுவும் இறங்கி வராது என்பது உண்மை. ஆனால் தலைகீழ் ஃபோர்க்குக்கு விலை ஏற்ற முடிந்த 150, 160 சிசி வகுப்பில், அதே செலவுக்குச் சாதாரணக் குழாய்க்குள் ஒரு நல்ல கார்ட்ரிட்ஜை வைக்க முடியாது என்று எந்த உற்பத்தியாளரும் சொல்ல முடியாது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகள் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். பள்ளத்தில் துள்ளி எழும் சக்கரம் காற்றில் நின்றுவிட, அதைச் சறுக்கல் என்று எண்ணி ஏபிஎஸ் பிரேக்கை விடுவிக்கும். பிடிக்க வேண்டிய மீட்டர்களில் பிரேக் இல்லாமல் போவதை அந்த இடத்தில் தடுக்கக்கூடியது, சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்கும் அதிர்வுத் தணிப்பு ஒன்றுதான்.